டார்ச் பிடித்த கை

ஜனவரி 11

அன்புள்ள என்னங்க,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நம் பாப்பா கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டாள். வலது மணிக்கட்டில்தான் முறிவு. குணமாக ஏப்ரல் வரை ஆகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதுவரை இவளுக்குத் தலை வாரிவிடவாவது நான் இங்கே இருந்தாக வேண்டும். தியேட்டரில் என் லீவைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் காது எப்படி இருக்கிறது? மருந்து விடுகிறீர்களா? போனில் பேசலாம்தான். நான் "சாப்டீங்களா"ன்னு கேட்டா, நீங்க "யாரு, மேனேஜரா"ன்னு கேட்பீங்க. மெசேஜ் அனுப்பினால் உங்களுக்குத் திறக்கத் தெரியாது, தியேட்டர் ஆபரேட்டர்தான் படித்துச் சொல்ல வேண்டும், இடைவேளைக்குள் கேண்டீன் வரை செய்தி போய்விடும். கடிதமே நல்லது.

மதியம் பாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். அவள் துணி வெட்டும் இடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. நீளமாக ஒரு மேஜை, சுற்றிலும் தலையில்லாத பொம்மைகள். கை முறிந்ததிலிருந்து எங்கே வெட்ட வேண்டும் என்று வாயால் சொல்கிறாள், வேறொருத்தி வெட்டுகிறாள். அவர்கள் மேடம் ஏப்ரலில் ஏதோ ஃபேஷன் ஷோ நடத்தப் போகிறாராம். எல்லோரும் தலைகால் புரியாமல் ஓடுகிறார்கள்.

ஒரு உதவி. கட்டிலுக்கடியில் என் தியேட்டர் ஷூ இருக்கிறது, ரப்பர் அடி போட்ட கறுப்பு ஷூ. அதைப் பார்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 20

டார்ச்சுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காது அப்படியேதான் இருக்கிறது. மருந்து விடுகிறேன். சாப்பாடு கேண்டீனில், வயிறு ஒன்றும் சொல்லவில்லை. நீ இல்லாமல் உள்ளே இருட்டில் ஆளாளுக்குத் தடுமாறுகிறார்கள். புதிதாக டார்ச் பிடிக்கிறவள் வெளிச்சத்தை வருகிறவன் மூஞ்சியிலேயே அடிக்கிறாள். நேற்று ஒருவர் பயந்துபோய்த் திரும்பி வெளியே வந்துவிட்டார்.

ஃபேஷன் ஷோ என்று ஏதோ எழுதியிருக்கிறாயே, அது என்ன? ஒரு வரியில் எழுதிவிட்டு உடனே ஷூவுக்குத் தாவிவிட்டாய். டிக்கெட் இல்லாதவன் இப்படித்தான் செய்வான். வாசலில் நிற்கும்போது வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே நுழையப் பார்ப்பான்.

அங்கே சமையலும் பாத்திரமும்தானே உன் வேலை? அதற்கு ரப்பர் அடி போட்ட ஷூ எதற்கு? உன் கால் அளவும் பாப்பாவின் கால் அளவும் ஒன்று என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

பாப்பாவின் கட்டுப் போட்ட கையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உன்னை நம்பாமல் கேட்கவில்லை. பார்க்க ஆசை.

இப்படிக்கு,
வாசலில் நிற்பவன்


பிப்ரவரி 2

அன்புள்ள என்னங்க,

நாங்கள் இருவரும் சுகம். மூன்று மாடி ஏறி இறங்கி எனக்கு மூட்டு வலி குறைந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். போட்டோ வைத்திருக்கிறேன். கட்டின் மேல் பேனாவால் பூ வரைந்திருப்பது கூட வேலை செய்யும் தையல்காரப் பெண். அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம்.

ஃபேஷன் ஷோ என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. மேடம் தைப்பதெல்லாம் வயதானவர்களுக்கான உடை. கழுத்து வரை மூடி, முழுக்கை வைத்து, குனிந்து நிமிரத் தோதாக இருக்கும். அதைப் போட்டுக் காட்ட வந்தவர்களோ இருபது வயதுப் பெண்கள். இவர்களுக்கு அது தொளதொளவென்று தொங்குகிறது. முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி, பின்னால் பார்த்தால் கொடியில் காயப்போட்ட மாதிரி. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன வாரம் கரண்ட் போய்விட்டது. படிக்கட்டில் கும்மிருட்டு. பெண்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பாவின் போனை வாங்கி, வெளிச்சத்தைப் பின்னால் காட்டியபடி முன்னால் நடந்து எல்லோரையும் கீழே இறக்கிவிட்டேன். பழக்கம் எங்கே போகும்?

ஷூவை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 9

டார்ச்சுக்கு,

போட்டோ பார்த்தேன். கட்டு ரொம்பப் புதிதாக, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கட்டுப் போட்டு இத்தனை நாளான கையில் அழுக்குப் படாதா? ஆபரேட்டரிடம் காட்டினேன், அவருக்கும் ஒரு மாதிரியாகத்தான் பட்டது.

இனி நான் நேரடியாகவே கேட்கிறேன். பாப்பா அந்த மேடையில் நடக்கப் போகிறாளா? முழுக்கை உடை என்று நீயே எழுதிவிட்டாய். முழுக்கை போட்டால் கட்டு மறைந்துபோகும். இளம் பெண்களுக்கு உடை பொருந்தவில்லை என்கிறாய், நம் பாப்பாவோ சதைப் பிடிப்பானவள். அவள் கால் அளவில் ஷூ வேண்டுமாம். இதற்கு மேல் எனக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா?

முன்னால் ஒன்று காட்டிவிட்டு முதுகில் கிளிப் போடுகிற தொழில் அது. நீயே சொல்லியிருக்கிறாய்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். படம் பார்த்தவள் நீ. படம் முடிந்து வெளியே வருகிறவனைப் பார்த்தவன் நான். திரையில் வந்த பெண்ணைப் பற்றி அவன் பல் குத்திக்கொண்டே என்னென்ன பேசுவான் என்று உள்ளே இருட்டில் இருந்த உனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் என் காதே போனது என்று நினைக்கிறேன். என் மகளைப் பற்றி ஒருவன் அப்படிப் பேசினால் நான் உயிரோடு இருந்து பயனில்லை.

ஷூ தேடினேன். கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
வாசலில் நிற்பவன்


பிப்ரவரி 27

அன்புள்ள என்னங்க,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். உங்கள் காது மருந்து தீர்ந்திருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் மேடையில் நடக்க மாட்டாள். என் மேல் சத்தியம். போதுமா?

ஷூ கட்டிலுக்கடியில், சுவரோரமாக, நீலப் பையில் இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 4

டார்ச்சுக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ இதுவரை எழுதியதில்லை. முதலில் நீ எழுதிய கடிதத்தில் தலையில்லாத பொம்மை வரைக்கும் வர்ணனை. இப்போது விஷயத்துக்கு வந்தால் மூன்று வரி. அதிலும் சத்தியம். வாயைத் திறந்ததும் சத்தியம் செய்கிறவன் பையைத்தான் நான் முதலில் சோதிப்பேன்.

"மகள் நடக்க மாட்டாள்" என்று எழுதியிருக்கிறாய். "ஷோவுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை" என்று ஏன் எழுதவில்லை? யோசித்து யோசித்து எழுதிய வரி அது. எனக்குத் தெரியாதா உன்னை?

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன். இரண்டு பேரும் பெட்டியைக் கட்டி வையுங்கள். கை குணமாகிற வரை பாப்பா இங்கே இருக்கட்டும். வேலை போனால் போகட்டும், இந்த ஊரில் வெட்டுவதற்குத் துணியா இல்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வாசலில் நிற்பவன்


மார்ச் 12

அன்புள்ள என்னங்க,

நீங்கள் பஸ் ஏறுவதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று பாப்பாவிடம் அவசரத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

மேடையில் நடக்கப் போவது பாப்பா இல்லை. நான்.

உட்கார்ந்துகொள்ளுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அன்றைக்குக் கரண்ட் போனபோது என் பின்னால் இறங்கி வந்தவர்களில் மேடமும் இருந்திருக்கிறார். மறுநாள் கூப்பிட்டார். "நேத்து நீங்க ஒரு தடவைகூடக் கீழ குனிஞ்சு படியப் பாக்கலையே, எப்படி?" என்றார். "இருட்டுல சரிவுல எறங்கி எறங்கிப் பழக்கம்மா" என்றேன். "எங்களுக்காக ஒரு தடவை நடப்பீங்களா?" என்றார். நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் "என்னை ஏன் பாக்குற? உன்னத்தான் கேக்குறாங்க" என்றாள்.

உயரக் குதிகால் வைத்த செருப்பில் எனக்குக் கால் இடறியது. மேடம்தான் "உங்களுக்கு எது பழக்கமோ அதையே போட்டுக்குங்க" என்றார். முதலில் மாடிப்படி ஏறி இறங்கத்தான் ஷூ கேட்டேன், பிறகு விடாமல் கேட்டது இதற்காக. உங்கள் துப்பறியும் வேலை பாதி சரி. ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டீர்கள்.

உங்களிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? உங்களுக்கே தெரியும். தியேட்டரில் நீங்கள் கதவுத் திரையை விலக்கி, என் டார்ச் எங்கே நிற்கிறது என்று பார்ப்பீர்கள். ஒரு வரிசையில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் வீட்டுக்கு வந்ததும் கேள்வி. "அங்க யாரு இருந்தா?" நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எவனோ ஒருவனுடைய செருப்பு இருக்கைக்கடியில் போய்விடும். ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கும். அழுகிற குழந்தையின் வாயிலிருந்து விழுந்த ரப்பர் நிப்பிளைத் தேடுவேன். அவ்வளவுதான் நின்ற கதை. கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

இத்தனை வருஷம் நான் நடந்திருக்கிறேன். யாரும் என்னைப் பார்த்ததில்லை. பார்த்தால் தரையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். அது அவர்கள் காலுக்கு. நான் அதற்கு முன்னால் இருட்டில் போய்க்கொண்டிருப்பேன். எனக்கு வருத்தமில்லை, வேலை அது. ஆனால் ஒரே ஒரு தடவை வெளிச்சம் என் மேல் விழட்டுமே என்று ஆசையாக இருக்கிறது. ஐம்பத்தாறு வயதில் என்ன ஆசை என்று கேட்காதீர்கள். ஆசை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, சாயங்காலம். நீங்கள் வேண்டாமென்றால் நான் பெட்டியைக் கட்டுகிறேன். வாயைத் திறந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 3

அன்புள்ள என்னங்க,

மாதக் கடைசியில் வருகிறேன் என்றீர்கள், வரவில்லை. கடிதமும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து பாப்பா ஆபரேட்டருக்குப் போன் போட்டாள். "வாசல்லதான் நிக்குறாரு, யாரோடயும் பேசறதில்ல" என்றாராம்.

நேற்று பார்சல் வந்தது. ஷூ. பளபளவென்று பாலிஷ் போட்டு, தேய்ந்த அடியை எடுத்துவிட்டுப் புது ரப்பர் வைத்துத் தைத்திருக்கிறது. கடிதம் இருக்குமென்று ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். கசக்கி வைத்த செய்தித்தாளைத் தவிர ஒன்றுமில்லை. அந்தச் செய்தித்தாளையும் பிரித்துப் படித்தேன்.

இதற்கு என்ன அர்த்தம்? நட என்கிறீர்களா? இல்லை, உன் பொருளை எடுத்துக்கொண்டு அங்கேயே இரு என்கிறீர்களா? உங்களோடு குடித்தனம் நடத்தி எனக்கும் சந்தேகப் புத்தி வந்துவிட்டது.

மருந்து விடுகிறீர்களா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை இன்னும் சரியாக மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருக்கும். வேறு யாரோ எழுதியது என்று நினைக்க வேண்டாம். நான்தான். நீங்கள் சுகமா?

அம்மா உங்களுக்குச் சொல்லாததை நான் சொல்கிறேன். இரண்டு நாளாக ஒத்திகைக்கு வரவில்லை. ஷூவை எடுத்துத் துடைக்கிறாள், கதவோரம் வைக்கிறாள், மறுபடி எடுத்துப் பைக்குள் போடுகிறாள். கேட்டால், "உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லாம வெளிச்சத்துல போய் நின்னா எனக்குக் கால் வராதுடி" என்கிறாள்.

நடை சொல்லிக்கொடுக்கிறவருக்கும் அம்மாவுக்கும் ஒரு தகராறு. இடது கை ஒழுங்காக வீசுகிறதாம். வலது கை மட்டும் அசையாமல், உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பியபடி நிற்கிறதாம். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் மேடம், "விட்டுடுங்க, அது அவங்க கை" என்றுவிட்டார்.

இதோடு ஒரு அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. வராவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்,
பாப்பா


ஏப்ரல் 20

டார்ச்சுக்கு,

நேற்றுக் காலையில் வீடு வந்து சேர்ந்தேன். தூங்கி எழுந்து, வேலைக்கும் போய்விட்டு வந்து, இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கேயிருந்து வந்து சேர்ந்தேன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

முதலில், ஏன் எழுதவில்லை என்பதற்கு. உன் பெரிய கடிதம் வந்த அன்றே எழுத ஆரம்பித்தேன். "அந்த மேடம் யார், எப்படிப்பட்டவர்?" என்று வந்தது. கிழித்தேன். "அங்கே ஆண்கள் எத்தனை பேர்?" என்று வந்தது. கிழித்தேன். நான் எதை எழுதினாலும் கடைசியில் கேள்விக்குறிதான் வந்து நின்றது. கேள்வி கேட்காமல் உனக்கு ஒரு கடிதம் எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் பேனாவை வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்தேன். அடி ரொம்பத் தேய்ந்திருந்தது. வழுக்கி விழுந்து வைத்தால் என்ன செய்வது?

பாப்பா அனுப்பிய அழைப்பிதழோடு 18-ஆம் தேதி அந்த மண்டபத்துக்கு வந்தேன். வாசலில் நின்றவன் அதைக் கிழிக்கவில்லை, ஏதோ ஒரு கருவியைக் காட்டினான், அது கீச்சென்றது, போ என்றான். கிழிக்காத டிக்கெட்டோடு உள்ளே போவது எனக்கு என்னவோ போல இருந்தது. கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. இத்தனை வருஷ வேலையில் விளக்கணைத்த பிறகு நான் உள்ளே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பெண்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் நன்றாகத்தான் நடந்தார்கள். நீ வர மாட்டாய் என்று முடிவு செய்துவிட்டேன். என் ஒரு வரி போகவில்லையே, எப்படி வருவாய்? அப்போது தூரத்தில் ஓர் உருவம் வந்தது. எதிர் வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. வலது கை தெரிந்தது. அசையாமல், பின்பக்கம் திருப்பிய உள்ளங்கை. அதைப் பார்த்ததும் நீதான் என்று தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமலே வந்துவிட்டாளே என்று. பிறகு உன் காலில் நான் அனுப்பிய ஷூ தெரிந்தது, என் பதிலை நீ அதிலேயே படித்துவிட்டாய் போல. நீ மேடையின் நுனிக்கு வந்து நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தாய். அத்தனை வெளிச்சமும் உன் முகத்தில். இவ்வளவு அழகாக ஒருத்தி என் வீட்டில் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறாளா என்று நினைத்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதேன். உன் பின்னால் வந்த சின்னப் பெண் உன் கையைப் பார்த்தபடியே காலை எடுத்து வைத்தாள். உனக்கு அது தெரிந்திருக்காது.

பக்கத்து இருக்கைக்காரர் கண்கொட்டாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் குணம் உனக்குத் தெரியும். "என் சம்சாரம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கண்ணீரைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு ஓர் இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்பக்கம் வந்தேன். கதவில் ஒருவன் கையை நீட்டி மறித்தான்.

"யாரு நீங்க?"

"இப்ப நடந்தாங்களே, அவங்க புருஷன்."

"அதான் வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. ஏதாவது ஆதாரம் இருக்கா?"

இல்லை. என் சட்டைப்பையில் அந்த அழைப்பிதழும் பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன. போனை எடுத்துப் பாப்பாவைக் கூப்பிட்டால், உள்ளே இருந்த சத்தத்தில் அவளுக்கும் கேட்கவில்லை, வெளியே இருந்த எனக்கும் கேட்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் இடத்தில் நான் நின்றிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

பாப்பாவின் கை சரியானதும் நிதானமாகக் கிளம்பி வா. அவசரமில்லை. அந்த உடையில் யாராவது உன்னைப் போட்டோ எடுத்திருப்பார்கள், அதில் ஒன்றைப் பெரிதாகக் கேட்டு வாங்கி முன்கூட்டியே அனுப்பிவை. ஆபரேட்டரிடம் சொன்னேன், மேனேஜரிடம் சொன்னேன், கேண்டீனிலும் சொன்னேன். ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் புருஷன்